றொக் கச்சேரிப் படங்களைக் கலைக்கூடச் சுவரில் மாட்டுவது எப்படி

என் ஒவ்வொரு கண்காட்சியும் லண்டன் ஈஸ்ட்ஹாமில் அம்மாவின் சாப்பாட்டு மேசையில்தான் தொடங்குகிறது. மேசை விரிப்பை எடுத்துவிட்டு, தபாலட்டை அளவில் போட்ட நாற்பது ஐம்பது படங்களைப் பரப்புவேன். அம்மா மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். படத்தில் இருப்பவர் யார், எந்தக் குழு, எத்தனை இசைத்தட்டு விற்றவர்கள் என்று எதுவும் அவருக்குத் தெரியாது. பத்து வருடங்களுக்கு முன்பு கேம்டனில் ஒரு சின்ன மண்டபத்தில் நான் எடுத்த ட்ரம்ஸ்காரர் ஒருவரின் படத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இவர் அடிச்சு முடிச்சிட்டாரோ, இனித்தான் அடிக்கப் போறாரோ?"

அம்மா யாழ்ப்பாணத்து இணுவில்காரர். கோயில் திருவிழாக்களில் விடிய விடியத் தவில் கேட்டு வளர்ந்தவர். அடி விழுவதற்கு முன்னால் தவில்காரரின் கை மேலே போய் ஒரு கணம் நிற்கும் இடத்தை அவருக்குத் தெரியும். அந்தக் கேள்வியைத்தான் இன்றைக்கும் நான் முதல் அரிதட்டாக வைத்திருக்கிறேன். பாட்டும் ஆளும் தெரியாத ஒருவரை ஒரு படம் நிறுத்திக் கேள்வி கேட்க வைத்தால், அது சுவருக்குப் போகத் தகுதியானது.

பிழைப்புக்கு நான் செய்வது, மற்றவர்கள் எடுத்த படங்களைப் பிரின்ட் போட்டுக் கொடுப்பது. முதல் பத்து வருடம் இருட்டறையில் மட்டும், அடுத்த பன்னிரண்டு வருடம் இருட்டறையும் கணினியுமாக. இரவில் கமராவோடு மண்டபங்களுக்குப் போவது என் ஆசைக்கு. இப்போது கச்சேரிப் படம் எடுக்கும் எங்கள் பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து, "இதைச் சுவரில மாட்ட என்ன செய்யவேணும்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு மேசையருகில் நின்று சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

எந்தப் படம் சுவருக்கு?

பத்திரிகைக்குப் போகும் படம் வேறு, சுவருக்குப் போகும் படம் வேறு. பத்திரிகைக்காரருக்கு முகம் தெரிய வேண்டும், கூர்மையாக இருக்க வேண்டும், விடிவதற்குள் கைக்கு வர வேண்டும். வாங்கி மாட்டுகிறவரோ அந்தப் படத்தோடு பத்து வருடம் ஒரே அறையில் தேத்தண்ணீர் குடிக்கப் போகிறார். ரசிகராக வந்து வாங்கியிருக்கலாம். ஆனால் சில மாதத்தில் அந்தப் பரவசம் அடங்கிவிடும். அதற்குப் பிறகு படம் தன் பலத்தில் நிற்க வேண்டும்.

இதைப் புரியவைக்க நான் எப்போதும் பென்னி ஸ்மித்தின் படம் ஒன்றைத்தான் எடுத்துக் காட்டுவேன். 1979 செப்டம்பர், நியூயார்க் பல்லேடியம் அரங்கு. த கிளாஷ் குழுவின் பால் சைமனன் தன் பேஸ் கிட்டாரைக் கோடரி போல ஓங்கிக்கொண்டு குனிகிறார். மேடையோரத்தில் நின்ற பென்னி ஸ்மித் கமராவை அழுத்தினார். ஃபோகஸ் தப்பிய படம் என்பதால் அட்டைக்கு அது சரிவராது என்று அவரே நினைத்தார். பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரும் அட்டையை வடிவமைத்த ரே லோரியும் அதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். அந்த வருடம் டிசம்பரிலேயே அது 'லண்டன் காலிங்' இசைத்தட்டின் முகப்பாக வந்தது. 2010ல் பிரித்தானியத் தபால் துறை அந்த அட்டையை முத்திரையாகவும் வெளியிட்டது. உடைந்த அந்தக் கிட்டாரை 2019ல் லண்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். நானும் போய்ப் பார்த்தேன். அங்கே கிடந்தது உடைந்த மரம். படத்தில் அது இன்னும் உடையவில்லை. அம்மாவின் கேள்வி அதற்கும் பொருந்தும்.

அடுத்தது கெவின் கம்மின்ஸ் எடுத்தது. 1979 ஜனவரி 6, மான்செஸ்டரின் ஹியூம் பகுதியில் பனி மூடிய ஒரு நடைபாலம். ஜோய் டிவிஷன் குழுவினர் நால்வரும் தூரத்தில் சின்னதாக நிற்கிறார்கள். படத்தில் பெரும்பகுதி வெறும் பனி. வாத்தியமும் மேடையும் இல்லை. ஆனால் அந்தக் குழுவின் இசையில் இருக்கும் குளிர் அந்த வெள்ளையில் இருக்கிறது. என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் எல்லாப் படத்தையும் நெருக்கி வெட்டி முகமாக்கிக்கொண்டு வருகிறார்கள். கலைக்கூடச் சுவரில் பார்வையாளர் நெருங்கலாம், விலகலாம், திரும்பி வரலாம். வெற்றிடத்துக்கு அங்கே பயப்படத் தேவையில்லை.

இனிச் செய்முறை. படம் எடுத்த வாரத்தில் தெரிவு செய்யாதீர்கள். காதில் இன்னும் அந்தச் சத்தம் இருக்கும், எடுப்பதற்குப் பட்ட கஷ்டமும் நினைவில் இருக்கும். ஆறு மாதமாவது கிடக்க விடுங்கள். பிறகு கணினித் திரையில் பார்க்காமல் எல்லாவற்றையும் சின்னத் தாளில் போட்டு மேசையில் பரப்புங்கள். வாயைத் திறந்து கண்ணை மூடிய பாடகர், ஒலிவாங்கி மறைத்த உதடு, புகைக்குள் கையைத் தூக்கி நிற்கும் நிழலுருவம் எல்லோரிடமும் இருக்கின்றன. மிகச் சிறந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். மிஞ்சியதில், தூரத்திலிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் இருளும் ஒளியும் ஓர் உருவமாகத் தெரிகிறவற்றைத் தனியே எடுங்கள். பிறகு இசையில் ஆர்வமே இல்லாத ஒருவரைக் கூப்பிடுங்கள். என்ன தெரிகிறது என்று கேட்காதீர்கள். சும்மா பார்க்க விட்டு, எதன் முன்னால் அவர் கை நிற்கிறது என்று பாருங்கள்.

ஒரு சின்னக் கலைக்கூடத்துக்குப் பதினைந்து படம் தாராளம். பதினைந்தும் மேடையில் குதிக்கும் படமாக இருக்கக் கூடாது. 1956ல் ஆல்பிரட் வெர்தைமர் எல்விஸ் பிரெஸ்லியோடு ரயிலிலும் விடுதியிலும் வீட்டிலும் கூடவே இருந்து, இருக்கிற வெளிச்சத்திலேயே எடுத்த படங்களைப் பாருங்கள். அவற்றுக்குச் சுவரில் இடம் வாங்கிக் கொடுத்தது அந்த நெருக்கம். நீங்களும் உங்கள் ஊர் இசைக்குழு ஒன்றைப் பிடியுங்கள். வான் வண்டியில் ஸ்பீக்கர் ஏற்றும்போதும், கச்சேரி முடிந்து விரலுக்கு பிளாஸ்டர் ஒட்டும்போதும் கூட நில்லுங்கள். பெரிய நட்சத்திரங்களை முன்வரிசைத் தடுப்புக்குப் பின்னால் நின்று எடுப்பதை விட அது ஆயிரம் மடங்கு நல்லது.

எடுக்கும்போதே கவனிக்க வேண்டியவை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய மண்டபங்களில் முதல் மூன்று பாட்டுக்கு மட்டும்தான் மேடைக்கும் தடுப்புக்கும் நடுவே உங்களை விடுவார்கள், ஃபிளாஷுக்கும் அனுமதி இல்லை. ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 3200, லென்ஸ் திறப்பு எஃப் 2, ஷட்டர் 1/250 நொடி என்று தொடங்குங்கள், அங்கிருந்து கூட்டிக் குறையுங்கள். கோப்பை, கமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ரா வடிவில் சேமியுங்கள். சிவப்பு எல்இடி விளக்கு மட்டும் முகத்தில் விழுந்தால், கமராவின் பொதுவான வெளிச்ச வரைபடம் எல்லாம் சரி என்றே காட்டும். ஆனால் சிவப்பு மட்டும் உச்சியில் முட்டி, முகம் விவரமில்லாத சிவப்புக் களியாகிவிடும். மூன்று நிறத்தின் வரைபடத்தையும் தனித்தனியே காட்டும்படி வைத்து, சிவப்பைப் பார்த்து வெளிச்சத்தைக் குறையுங்கள். சத்தமில்லாத மின்னணு ஷட்டர் எல்இடி ஒளியில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு போடும். சாதாரண ஷட்டருக்கு மாற்றிவிடுங்கள். இப்படிப்பட்ட பழுதுகள் தொலைபேசித் திரையில் தெரியாது. முப்பது அங்குலப் பிரின்டில் முதலில் தெரிவது அவைதான்.

ஃபிலிமில் எடுக்கிறவர்களுக்கு: கோடாக் ட்ரை-எக்ஸ் அல்லது இல்ஃபோர்ட் எச்பி5, இரண்டும் ஐஎஸ்ஓ 400. அதை 1600 என்று வைத்து எடுத்து, டெவலப்பரில் வைக்கும் நேரத்தைக் கூட்டினால் போதும். மணி, அதாவது படத்தில் தெரியும் துகள், பெரிதாகும், நிழல் கறுக்கும். நாம் அறிந்த பழைய றொக் படங்களில் பாதியின் முகம் அதுதான்.

பிரின்ட்தான் படைப்பு

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன். இருபத்திரண்டு வருடமாக என் கை இதில்தான் இருக்கிறது.

றொக் படத்தில் அரைவாசி கறுப்பு. மற்ற எந்தப் படத்தை விடவும் இதில் தாளின் கறுப்புதான் தீர்ப்பு எழுதுகிறது. பளபளப்பில்லாத பருத்தித் தாள்கள் தொட்டால் சுகம், பார்த்தாலும் வடிவு. ஹானெமூலே நிறுவனத்தின் 308 கிராம் போட்டோ ராக் அப்படிப்பட்டது. பகல் வெளிச்சத்தில் எடுத்த முகத்துக்கும் அந்த ஹியூம் பாலம் போன்ற பனிப் படத்துக்கும் அதுதான் சரி. ஆனால் அதன் கறுப்பு அடுப்புக்கரியின் கறுப்பு. மேடைப் படத்துக்கு மழையில் நனைந்த கருங்கல்லின் கறுப்பு வேண்டும். அதற்குப் பரைட்டா தாள். மையைத் தாங்கும் படலத்துக்குக் கீழே பேரியம் சல்பேட் பூச்சு இருக்கும். இருட்டறை நார்த்தாளிலும் (பிளாஸ்டிக் பூசாத ஃபைபர் தாள்) இதே பூச்சுதான், அதனால்தான் இரண்டும் அக்காள் தங்கை போல இருக்கின்றன. ஒரே கோப்பை இரண்டு தாளிலும் போட்டுப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் சொல்லித் தெரிவதை விடக் கண்ணே சொல்லிவிடும்.

பளபளக்கும் சாதாரணப் போட்டோத் தாள் வேண்டாம். என் முதல் கண்காட்சியில் பதினொரு படத்தையும் அதில்தான் போட்டேன். வடலண்டனில் ஒரு மதுக்கடையின் மாடியறை. மாலை நான்கு மணிக்கு யன்னல் வெளிச்சம் உள்ளே வந்ததும் ஒரு படமும் தெரியவில்லை. வந்தவர்கள் தங்கள் முகத்தைத்தான் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பின்னேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கனக்கும்.

அளவுக்கு ஒரு கணக்கு. 24 மெகாபிக்சல் கமராவின் கோப்பு 6000க்கு 4000 பிக்சல். அங்குலத்துக்கு 300 என்றால் 20 அங்குல அகலம், 200 என்றால் 30 அங்குலம். கச்சேரிப் படத்துக்கு 200 தாராளமாகக் காணும், ஏனென்றால் அந்த அளவுப் படத்தை யாரும் மூக்கு முட்ட நின்று பார்ப்பதில்லை. மணியை அழிக்கும் மென்பொருளை மட்டும் அளவோடு பாவியுங்கள். வியர்வைத் துளிகளையும் சேர்த்து அழித்து முகத்தை மெழுகுப் பொம்மையாக்கிவிடும். மணி இருக்கட்டும். ஒரே சீரான மணி பெரிய கறுப்புப் பரப்புக்கு உயிர் தருகிறது.

எந்தப் படத்தையும் நேரே முழு அளவில் போடாதீர்கள். முழு அளவில் பெரிதாக்கி, முகமும் கறுப்பும் சந்திக்கும் இடத்திலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டிப் போடுங்கள். அதை ஒரு நாள் காய விட்டு, கண்காட்சியில் இருக்கப் போகும் அதே வகை விளக்கில் பாருங்கள். இருட்டறை நார்த்தாள் காயும்போது ஒரு சாயல் கறுக்கும். ஈரத்தில் சரியாகத் தெரிந்தது காய்ந்தபின் இருண்டுவிடும் என்பதால் ஒளியைச் சற்றுக் குறைத்தே கொடுக்க வேண்டும். மைப் பிரின்டையும் ஃபிரேமுக்குள் அடைப்பதற்கு முன் ஒரு நாளாவது காற்றில் விடுங்கள். இல்லாவிட்டால் மையின் ஆவி கண்ணாடியின் உட்புறம் பனியாகப் படியும்.

பிறகு கையால் செய்யும் வேலை. இருட்டறையில் படத்தின் ஓரிடத்துக்கு அட்டையால் நிழல் கொடுத்து வெளுக்க வைப்போம், இன்னோரிடத்துக்குக் கூடுதல் ஒளி கொடுத்துக் கறுக்க வைப்போம். கணினியிலும் அதே வேலைதான். மேடைப் படத்தில் நான் முதலில் தேடுவது, பார்வையை இழுத்துக்கொண்டு ஓடும் வெளிச்சப் புள்ளிகளை: வெளியேறும் வழியின் பச்சைப் பலகை, தண்ணீர்ப் போத்தல், வயர் ஒட்டிய வெள்ளை நாடா. அவற்றை அழிப்பதில்லை, அடக்குவேன். அவை அந்த இரவின் சாட்சி. அடுத்தது, பின்னால் இருளில் இருப்பவர். ட்ரம்ஸ்காரர் முழுதாகத் தெரியவும் கூடாது, முழுதாக மறையவும் கூடாது. முதல் பார்வையில் பாடகர் மட்டும் தெரிந்து, அரை நிமிடம் நின்றவருக்கு இருளுக்குள்ளிருந்து இன்னொரு முகம் எழும்பி வந்தால், அவர் அந்தப் படத்தை விட்டுப் போகமாட்டார். இதற்கு எனக்குச் சிலவேளை ஒரு படத்துக்கு ஒன்பது பத்துத் துண்டுச் சோதனை ஆகும். தாள் செலவைப் பார்க்காதீர்கள்.

நார்த்தாளில் போடுகிறவர்கள் கழுவுவதில் அவசரப்படக் கூடாது. தாளுக்குள் தங்கும் ஃபிக்சர், அதாவது படத்தை நிலைக்க வைக்கும் மருந்து, பல வருடம் கழித்து மஞ்சளாக வெளியே வரும். இல்ஃபோர்ட் சொல்லும் முறையைத்தான் நான் பின்பற்றுகிறேன்: கடும் ரப்பிட் ஃபிக்சரில் ஒரு நிமிடம், ஓடும் தண்ணீரில் 5 நிமிடம், கழுவு துணைக் கரைசலில் 10 நிமிடம், மறுபடி தண்ணீரில் 5 நிமிடம். வாங்குகிறவரின் பேரப்பிள்ளையும் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கழுவுங்கள்.

எத்தனை பிரதி?

ஒரு போட்டோ எப்போது கலைப்பொருள் என்பதற்கு இந்த நாட்டு வரிச் சட்டத்திலேயே ஒரு வரையறை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதே வரையறைதான். எடுத்தவர் தானே போட்டது, அல்லது தன் மேற்பார்வையில் போடுவித்தது. கையெழுத்தும் இலக்கமும் இட்டது. எல்லா அளவும் எல்லா மவுண்டும் (படத்தைத் தாங்கும் அட்டை) சேர்த்து மொத்தம் 30 பிரதிக்கு மேற்படாதது. "எல்லா அளவும் சேர்த்து" என்ற சொற்களை இரண்டு தரம் வாசியுங்கள்.

நான் அதை வாசிக்காமல் தப்புச் செய்தேன். முதல் கண்காட்சியில் ஒரு படத்தை 25 பிரதி என்று சொல்லி 12க்கு 16 அங்குலத்தில் விற்றேன். அடுத்த வருடம் ஒருவர் அதையே பெரிதாகக் கேட்டார். அளவு வேறுதானே என்று புதிதாக 1 என்று இலக்கமிட்டுக் கொடுத்துவிட்டேன். முதலில் வாங்கியவர் அதை ஒரு வீட்டுச் சுவரில் பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதினார். கோபமாக எழுதவில்லை, மனம் நொந்து எழுதியிருந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், படத்தையும் அவரிடமே விட்டேன். அன்றிலிருந்து முதல் பிரதி விற்கும் முன்பே அளவுகள், ஒவ்வோர் அளவிலும் எத்தனை, கலைஞர் பிரதி (எடுத்தவர் தனக்கென வைத்துக்கொள்வது) எத்தனை என்பதை ஒரு பேரேட்டில் மையால் எழுதிவிடுகிறேன். இப்போது நான் வைக்கும் எண் 15, அதோடு இரண்டு கலைஞர் பிரதி. பருத்தித் தாளில் கீழ் வெள்ளை ஓரத்தில் பென்சிலால் கையெழுத்து. பரைட்டாவில் பென்சில் பிடிக்காது, ஆகவே பின்பக்கத்தில் போடுவேன். தாளின் பெயர், போட்ட திகதி, பிரதி எண் எழுதிய ஒரு சான்றிதழும் கூடப் போகும்.

உரிமை

பிரித்தானியாவின் 1988 பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் சம்பளத்துக்கு வேலை செய்யும் நிறுவனத்துக்காக எடுக்காதவரை, படத்தின் உரிமை எடுத்தவருடையது. உங்கள் ஆயுளும் அதற்குப் பின் 70 வருடமும். ஆனால் கச்சேரிக்கு அனுமதி அட்டை வாங்கும்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் "ஒரு பத்திரிகையில் ஒரு தடவை மட்டும்" என்று இருந்தால், கலைக்கூடத்தில் விற்பதை அதே கையால் விட்டுக்கொடுத்துவிட்டீர்கள். வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். முடிந்தால் "எடுத்தவர் குறைந்த எண்ணிக்கைக் கலைப் பிரதியாக விற்கலாம்" என்ற வரியைச் சேர்க்கக் கேளுங்கள். சின்னக் குழுக்கள் மகிழ்ச்சியோடு ஒப்புவார்கள். நான் அவர்களுக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுவேன், அது அவர்களுக்குச் சேர வேண்டியது.

படத்தைச் சட்டை, கோப்பை, பை என்று இறக்க வேண்டாம். பாடகி ரிஹானாவின் படத்தை முறைப்படி உரிமை வாங்கியே ஒரு துணிக்கடை சட்டையில் அச்சிட்டது. அந்தச் சட்டையை அவரே அங்கீகரித்தார் என்று வாங்குகிறவர் நம்புவார் என்று சொல்லி, 2015ல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் ரிஹானாவின் பக்கமே நின்றது. கையெழுத்திட்ட பிரதியைச் சுவருக்கு விற்பது வேறு பொருள், அந்த எல்லையைத் தாண்டாதீர்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விதி என்பதால், அங்கே விற்கிறவர்கள் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மவுண்ட், கண்ணாடி, சுவர்

படத்தைப் பலகையில் பசை போட்டு ஒட்டாதீர்கள். அமிலமில்லாத அட்டையில், ஜப்பானியத் தாள் துண்டை கோதுமை மாச்சத்துப் பசையால் மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் ஒட்டித் தொங்க விடுங்கள். நாளைக்கு யாரும் தண்ணீர் தொட்டுக் கழற்றலாம். அதன் மேல் யன்னல் வெட்டிய மவுண்ட் அட்டை. படம் கண்ணாடியைத் தொடாமல் காப்பதும் அதுதான். மவுண்ட் வெள்ளையாக இருக்கட்டும், ஆனால் பளீர் வெள்ளை வேண்டாம். தாளின் வெள்ளையை விட அரைச் சாயல் குறைந்தது. ஃபிரேம் மெல்லிய கறுப்பு மரம். றொக் என்றவுடன் சிலர் இரும்பு, ஆணி, மண்டையோடு என்று தேடிப் போகிறார்கள். படத்துக்குள் போதுமான சத்தம் இருக்கிறது.

கண்ணாடிக்குக் காசைச் சேமிக்காதீர்கள். கறுப்புப் படத்தின் முன்னால் சாதாரணக் கண்ணாடி வைத்தால் அது முகம் பார்க்கும் கண்ணாடி. எதிரொளிக்காத கண்ணாடி விலை கூடத்தான். எல்லாவற்றுக்கும் முடியாவிட்டால், ஆகக் கறுத்த ஐந்து படத்துக்காவது அதைப் போடுங்கள், மற்றவற்றை யன்னலுக்கு எதிர்ச் சுவரில் வைக்காமல் பக்கச் சுவருக்கு மாற்றுங்கள்.

படத்தின் நடு நிலத்திலிருந்து 145 முதல் 150 சென்ரிமீற்றர் உயரத்தில் வரட்டும். பெரிதும் சிறிதும் ஒரே நடுக்கோட்டில். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கொக்கி. ஒற்றைக் கொக்கியில் தொங்குவது கதவு சாத்தும்போதெல்லாம் சரியும். விளக்கு மேலிருந்து 30 பாகை சரிவில். நிறப் படத்துக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), இருட்டறையில் போட்ட கறுப்பு வெள்ளைக்கு 200 வரை போகலாம். 50 லக்ஸ் மங்கலாக இருக்கும். மேடைப் படத்துக்கு அது பொருத்தம்தான், கண் இருளுக்குப் பழகப் பழகப் படம் திறக்கும்.

வரிசையில் காலத்தையோ குழுவின் புகழையோ பார்க்காதீர்கள். வாசலில் நுழைந்தவருக்கு முதலில் ஓர் அமைதியான படம். நான் வைப்பது வெறும் மேடை, ஒலிச்சோதனை முடிந்து எல்லோரும் போனபின் நிற்கும் ஒலிவாங்கி. சத்தமான இரண்டு படத்துக்கு நடுவே கைகள், முதுகு, வெறுங்கால் என்று ஏதாவது. ஆகப் பெரிய படத்தைத் தூரச் சுவரில், நடந்து போய்ச் சேரும்படி.

அறையில் பாட்டுப் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போட வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு கண்காட்சியின் முதல் நாள் நான் போட்டேன். வந்தவர்கள் காலால் தாளம் தட்டிக்கொண்டே அறையைச் சுற்றி முடித்துவிட்டார்கள். அடுத்த நாள் நிறுத்தினேன். அதே படங்களின் முன்னால் நின்றார்கள், குசுகுசுத்தார்கள், ஒருவர் கிட்டார்காரரின் விரலைப் பார்த்து அது எந்த ஸ்வரம் என்று தன் விரலால் காற்றில் பிடித்துப் பார்த்தார். பெயர்களைப் படத்தின் பக்கத்தில் ஒட்டாமல் வாசலில் ஒரு தாளில் கொடுக்கிறேன். இடம், வருடம், குழு. படத்தைப் பார்த்தபின் பெயரைத் தேடுவது ஒன்று, பெயரைப் பார்த்துப் படத்தை நம்புவது வேறொன்று.

இடமும் விலையும்

நியூயார்க் சோஹோவில் 2001ல் ஹென்றி டில்ட்ஸும் இரண்டு நண்பர்களும் மொரிசன் ஹோட்டல் கலரியைத் தொடங்கினார்கள். டோர்ஸ் குழுவின் 'மொரிசன் ஹோட்டல்' இசைத்தட்டுக்கு அட்டைப் படம் எடுத்தவர் டில்ட்ஸ். 2009ல் புரூக்ளின் அருங்காட்சியகம் றொக் படங்களுக்கென்றே பெரிய கண்காட்சி வைத்தது. லண்டன் தேசிய உருவப்படக் கூடம் 2023ல் மறுபடி திறந்தபோது, 1963, 64ல் பீட்டில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி தன் கமராவில் எடுத்த படங்களைக் காட்டியது. ஆகவே கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் முதல் கண்காட்சிக்கு இசைத்தட்டுக் கடையின் பின்னறை, நூலக மண்டபம், நண்பரின் ஸ்ரூடியோ என்று தொடங்குங்கள். கலைக்கூடக்காரரிடம் போகும்போது தொலைபேசியை நீட்டாமல் ஒரு பெட்டியில் பன்னிரண்டு பிரின்ட் கொண்டு போங்கள். கையுறையும் ஒரு சோடி கொண்டு போங்கள்.

விலைக்கு என் கணக்கு இது. பிரின்ட் 45 பவுண், ஃபிரேமும் கண்ணாடியும் 120. 480க்கு விற்றால் கலைக்கூடம் பாதியை எடுக்கும், 40 முதல் 50 வீதம் வழக்கம். மிச்சம் 240ல் செலவு 165 போக உங்கள் கையில் 75. இதைத் தெரிந்துகொண்டு விலை வையுங்கள். ஒரு பிரதிக்கு வைத்த விலையைப் பிறகு குறைக்கக் கூடாது. முதல் ஐந்து போனபின் கூட்டலாம்.

கண்காட்சி முடிந்து கழற்றும் நாளில், ஒவ்வொரு படத்தின் நான்கு மூலையையும் கண்ணாடியையும் பார்த்துப் பேரேட்டில் குறித்துவிட்டுத்தான் சுற்ற வேண்டும். விற்றது எது, எந்த இலக்கம், எந்த ஊருக்குப் போனது என்று அன்றைக்கே எழுதுங்கள். அந்த ட்ரம்ஸ்காரர் படத்தின் முதலாவது கலைஞர் பிரதி அம்மாவின் வீட்டில் இருக்கிறது. அவர் அதை வரவேற்பறையில், மத்தியான வெயில் நேரே விழும் சுவரில் மாட்டியிருந்தார். எட்டு மாதம் கழித்துத்தான் நான் கவனித்தேன். கழற்றிக்கொண்டு போய், சாமியறைக்குப் போகும் வழியில் வெயில் படாத பக்கத்தில் மாட்டிக் கொடுத்தேன். "இங்க இருட்டாக் கிடக்கு" என்றார். நான் மேலே ஒரு சின்ன விளக்குப் பூட்டிவிட்டேன், 50 லக்ஸ் அளந்து.